அது சிறுத்தைக் குட்டி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்நிலை ஓரத்தில் புள்ளி போட்ட விலங்கு ஒன்று தென்பட்டால் போதும், 'சிறுத்தைக் குட்டி நடமாட்டம்' என்று செய்தி வந்துவிடுகிறது. படத்தை உற்றுப் பார்த்தால் சில சமயம் அது மீன்பிடிப் பூனை. பெயர்தானே மாறிப்போனது என்று விட முடியவில்லை, ஏனென்றால் சிறுத்தை என்று கேட்டதும் ஊரே கம்போடு கிளம்பும், அடி வாங்கிச் சாவது இந்தப் பூனைதான்.

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. முதலில் வாலைப் பாருங்கள். சிறுத்தைக்கு நீண்ட வால், இதற்கோ உடம்பில் பாதி நீளம்கூட வராத தடித்த வால். சிறுத்தையின் புள்ளிகள் வளையம் வளையமாக இருக்கும், இதற்குச் சாம்பல் கலந்த பழுப்பு உடலில் முழுக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடும், நெற்றியிலிருந்து பிடரி வரை கருங்கோடுகள் இருக்கும். நன்றாக வளர்ந்த ஆணே சுமார் 16 கிலோதான்.

பூனை என்றால் தண்ணீருக்குப் பயப்படும் என்று நாம் நினைப்போம், இது தண்ணீரில்தான் பிழைக்கிறது. கால்விரல்களுக்கு நடுவே பாதி வரை சவ்வு, முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ள முடியாத நகங்கள், மேல்ரோமத்துக்கு அடியில் ஈரம் சட்டென்று தோலைத் தொடாதபடி இன்னொரு நெருக்கமான ரோம அடுக்கு. கரையில் அசையாமல் உட்கார்ந்திருந்து மீன் கிட்டே வந்ததும் பாதத்தால் வாரும், வேண்டுமானால் தலைகுப்புறப் பாயவும் செய்யும். மீன் மட்டுமில்லை, நண்டு, தவளை, பாம்பு, எலி எல்லாம் பிடிக்கும். எலி பிடிப்பதற்காகவாவது வயல்காரர்கள் இதை விரட்டாமல் விடலாம் என்பது என் எண்ணம்.

சுந்தரவனம், கோதாவரி முகத்துவாரத்துச் சதுப்புக்காடு, ஒடிசாவின் சிலிகா ஏரி என்று ஈரநிலம் இருக்கும் இடங்களில்தான் இதைப் பார்க்கலாம். சிலிகாவில் 2022-இல் கணக்கெடுத்தபோது 176 இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கொழும்பு நகரத்து ஈரநிலங்களில்கூட வாழ்கிறது! மேற்கு வங்கத்துக்கு இதுதான் மாநில விலங்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு, ஆனால் இது வாழும் சதுப்பு நிலத்தைச் சும்மா கிடக்கிற இடம் என்று சொல்லி மண் போட்டு மூடுகிறோம், இல்லையென்றால் இறால் பண்ணையாக வெட்டிவிடுகிறோம். மீன் வளர்ப்பவர்களுக்கு இதனால் நஷ்டம் வருவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் குளத்தைச் சுற்றி வலைவேலி போடலாம், கண்ணியும் விஷமும் வைக்க வேண்டியதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப் படம் வந்தால் அச்சுக்குப் போகும் முன் வனத்துறையினரிடமோ விவரம் தெரிந்தவர்களிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மீன்பிடிப் பூனை என்றால் அந்தப் பெயரிலேயே போடுங்கள். வால் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்