உரித்த கோழிக்குத் தயிர் நுண்ணுயிர்களின் காவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அறுத்த பின் கறியில் சேரும் கிருமிகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கோழிகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது நல்ல முடிவே. ஆனால் அது பண்ணையோடு நின்றுவிடுகிறது. கோழியின் குடலில் பெரும்பாலும் அதற்குத் தொல்லை தராமலே வாழும் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்னும் கிருமிகள், மனிதருக்கு நோய் தரக்கூடியவை; அவை இறகு நீக்கும் இயந்திரத்தின் வழியாகவும் குடல் எடுக்கும் கத்தியின் வழியாகவும் கறியில் ஒட்டிக்கொள்கின்றன.

இதற்குக் குளோரின் கலந்த நீரில் கழுவுவதை ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் ஏற்பதில்லை. அதற்கு மாற்றாக ஆராயப்படுவது, தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்களை வளர்த்து, பின் அவற்றை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை சுரந்த லாக்டிக் அமிலமும் கிருமியெதிர்ப்புப் புரதங்களும் நிறைந்த திரவத்தை மட்டும் கறியின் மீது தெளிப்பது. அப்புரதங்களில் 1928-இல் கண்டறியப்பட்ட நிசின், பல நாடுகளில் பாலாடைக்கட்டியில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிசின் லிஸ்டீரியா என்ற கிருமியை நன்றாக அடக்கும். சால்மோனெல்லாவுக்கோ வெளிச்சவ்வு கவசமாக இருப்பதால், தனியாகச் சேர்த்தால் பெரிதாகப் பயன் தராது. அச்சவ்வைத் தளர்த்தும் அமிலமோ வேறு பொருளோ உடன் வேண்டும்; அமிலம் மிகுந்தால் கறியின் நிறம் வெளுத்துப் புளிப்பு வாடை வரும். எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே மருந்து என்று விற்க வருபவர்களை நம்புவதற்கில்லை.

நம் ஊர்க் கடைகளில் வாடிக்கையாளர் கண்முன்னே அறுத்து, சூடு ஆறுமுன் பையில் போட்டுத் தருகிறார்கள். அங்கே கிருமிகள் பெருக நேரம் குறைவு. சுத்தமான நீரும், அடிக்கடி கழுவிய கத்தியும் பலகையுமே முதல் தேவை. (அந்தச் செலவைக்கூட மிச்சம் பிடிக்கும் கடைகள் உண்டு.) நாள் கணக்கில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் பொட்டலக் கறிக்கே இம்முறை பொருந்தும் என்பது என் கருத்து. அதுவும், குளிர்பதனம் இடையில் அறுபடாமல் இருந்தால்தான்.

எனவே, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்கள் நம் தட்பவெப்பத்தில், நம் இறைச்சிக் கூடங்களிலேயே இதைச் சோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். இத்தகைய திரவங்கள் விற்பனைக்கு வந்தால், எந்த நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தக் கிருமிக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது என்பதைப் புட்டியின் மீதே அச்சிடும்படி உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லடம்.