வியாசர்பாடி மாலை வகுப்பிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மாலை வகுப்பின் ஆறு கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸுக்குப் பதிலாக இப்போது உபுண்டு என்ற இயங்குதளம் ஓடுகிறது. நேற்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தமிழ் 99 விசைப்பலகையில் தன் பெயரையும் அப்பா பெயரையும் அடித்துவிட்டு, தெருப் பெயரை முடிக்கும் வரை இடத்தைவிட்டு எழவே இல்லை. அதைப் பார்த்ததும் இந்த மடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆறும் நன்கொடையாக வந்த பழைய இயந்திரங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது. உபுண்டு 24.04-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. கட்டற்ற மென்பொருள் என்பதால் ஆறு இயந்திரத்திலும் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 6 ஜிபி அளவுள்ள ஒரே ஒரு கோப்பை இறக்கினால் போதும். அதற்குத்தான் மூன்று வாரம் ஆனது.

முதலில் போன் ஹாட்ஸ்பாட். என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான். அது தீர்ந்ததும் டவுன்லோடு நிற்கும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்புறம் வெளியே ஓரிடத்தில் இலவச வைஃபை. அங்கே கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டதாகக் காட்டியது. எதிர்வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். "அக்கா, முதல்ல சைஸைப் பாருங்க" என்றார். சில கேபிதான் இருந்தது. நோட்பேடில் திறந்து காட்டினார்: உபுண்டுவின் பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது அந்த வைஃபையின் லாகின் பக்கம்! இப்போதெல்லாம் எதை இறக்கினாலும் என் கண் முதலில் அளவுக்குத்தான் போகிறது. தம்பி, அந்தப் பழக்கம் நீங்கள் கொடுத்தது.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி அக்கா தன் பிராட்பேண்டையும் லேப்டாப்பையும் ஓர் இரவு முழுக்க எங்களுக்காக விட்டுவைத்தார். நடுவில் கரண்ட் போய் மோடம் அணைந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து வந்து டவுன்லோடைத் தொடர வைத்தாராம். காலையில்தான் சொன்னார்.

கோப்பு வந்துவிட்டது, ஆனால் பென் டிரைவில் ஏறவில்லை. 32 ஜிபி காலியாக இருந்தும் இடம் போதாததுபோல் அடம்பிடித்தது. டிரைவ் கெட்டுவிட்டது என்று புதிது வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடை அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தாம்மா இருக்கு, ஃபேட் 32-ங்கற ஃபார்மட்ல இருக்கு. அதுல நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது" என்று சொல்லி, அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. தானாக வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்ன அந்த மனதுக்கு என் வணக்கம்.

இத்தனைக்கும் பிறகு, இன்ஸ்டால் பாதியில் நின்றது. மறுபடி தம்பி. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உபுண்டுக்காரர்கள் எஸ்ஹெச்ஏ 256 என்று 64 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்புத் தொகையைத் தருகிறார்கள். நம்மிடம் உள்ள கோப்பிலிருந்து கணக்கிட்டு வருவதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். தம்பி வாசிக்க, பிள்ளைகள் நோட்டில் டிக் போடக் காத்திருந்தார்கள். முதல் எழுத்தே ஒத்துவரவில்லை. 2016 பிப்ரவரியில், உபுண்டு போலவே இன்னொரு கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, திருத்திய கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்ட கதையை அப்போதுதான் சொன்னார். பாதியில் கெட்ட கோப்பை மட்டுமல்ல, யாரோ கெடுத்த கோப்பையும் பிடிக்கத்தான் இந்தச் சோதனையாம்.

இன்னொரு 6 ஜிபியா என்று நான் சோர்ந்துபோனேன். வேண்டாம் என்றார். அதே வெளியீட்டை டொரண்டிலும், அதாவது பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறையிலும், எடுக்கலாமாம். அந்த டொரண்டைத் திறந்து, இருக்கும் கோப்பையே அதற்குக் காட்டி, மறுபடி சரிபார்க்கச் சொன்னார். டொரண்ட் கோப்பைத் துண்டு துண்டாகச் சோதிக்கும். நல்ல துண்டை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் திரும்ப இறக்கும். நூற்றுக்கு 99-க்கு மேல் சரியாகவே இருந்தது. மிச்சம் வந்து சேர ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இந்த முறை 64-ஆவது எழுத்துக்கும் டிக் விழுந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடி அக்காவே இறங்கி வந்துவிட்டார்.

நீங்கள் மூவருமே வேலையைச் செய்து கொடுத்துவிட்டு மட்டும் போகவில்லை. ஏன் கெட்டது என்றும் உட்கார்ந்து விளக்கினீர்கள். போன வாரம் பக்கத்துத் தெரு டியூஷனில் இதே தொல்லை வந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் போய் டொரண்டில் சரிசெய்துவிட்டு வந்தான்.

சரிபார்த்த அந்தக் கோப்பு எங்கள் அலமாரியிலுள்ள பென் டிரைவில் இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து காப்பி எடுத்துக்கொள்ளலாம். 64 எழுத்தையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நன்றியுடன்,
மாலை வகுப்பு ஆசிரியை, வியாசர்பாடி