கணைய அழற்சிக்கு ஏன் உடனே ஆபரேஷன் செய்வதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கணைய அறுவை சிகிச்சையின் வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரோபோ, லேப்ராஸ்கோப்பி என்று கருவிகளைப் பற்றி விரிவாகவே இருந்தது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் வீங்கிப் புண்ணாகிற கணைய அழற்சியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அறுவை சிகிச்சை வார்டில் வெகுகாலம் செவிலியராக இருந்தவள் என்பதால் அந்தக் குறை கண்ணில் பட்டது.

குடியாலோ பித்தப்பைக் கல்லாலோ வரும் திடீர் அழற்சி பெரும்பாலோருக்கு சலைன், வலி மருந்தோடு அடங்கிவிடும். சிலருக்குத்தான் கணையமும் அதைச் சுற்றிய கொழுப்பும் செத்துப்போய், அதில் கிருமியும் சேர்ந்துகொள்ளும். முன்பெல்லாம் அப்படியானால் வயிற்றை நீளமாகத் திறந்து, செத்த சதையைக் கையால் வழித்தெடுப்பார்கள். ஒரு தடவையோடு முடியாது. மறுபடி மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். கணைய நீர் கசிந்து காயத்தைச் சுற்றித் தோல் வெந்துபோயிருக்கும். ஜிங்க் ஆக்ஸைடு களிம்பை அப்பி அப்பித்தான் டிரெஸ்ஸிங் மாற்றுவோம். பிழைத்தவர்களிலும் பலர் பிறகு சர்க்கரை நோயோடும் ஹெர்னியாவோடும் வந்து நின்றார்கள்.

இதை மாற்றியது 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. 88 நோயாளிகளில் ஒரு பாதிக்கு நேராக வயிற்றைத் திறந்தார்கள். மறுபாதிக்கு முதலில் டியூப் போட்டுச் சீழை வடித்து, அது போதாதபோது மட்டும் விலாவுக்குக் கீழே சிறு கீறல் போட்டு கேமரா உதவியோடு சுத்தம் செய்தார்கள். பெரிய சிக்கலோ மரணமோ நேர்ந்தது முதல் பிரிவில் 69 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் டியூப் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. 2021-ல் அதே நாட்டில் இன்னொரு ஆய்வு. செத்த பகுதியைச் சுற்றி உறை கட்டும்வரை டியூபைக்கூடத் தள்ளிப்போட்டதில், 39 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக்கிலேயே தேறிவிட்டார்கள்.

இந்தக் காத்திருப்புதான் உறவினர்களுக்குப் பிடிபடுவதில்லை. "மூணு வாரமா சும்மா படுக்க வெச்சிருக்கீங்க, ஆபரேஷன் பண்ண ஆள் இல்லையா?" என்று டூட்டி டாக்டரிடம் சண்டைக்கு நிற்பார்கள். டாக்டர் சொல்லாமலே டிஸ்சார்ஜ் வாங்கி வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்த மூன்று வாரமும் வார்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. டியூப் அடைத்துக்கொள்ளாமல் வேளாவேளைக்கு சலைன் விட்டு அலச வேண்டும், வடிந்ததை அளந்து எழுத வேண்டும், மூக்குக் குழாய் வழியாக உணவு இறக்க வேண்டும். ரோபோ வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள், இதைச் செய்ய ஒரு ஷிப்டுக்கு எத்தனை செவிலியர் இருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

காத்திருக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. பித்தப்பைக் கல்லால் வந்த லேசான அழற்சி என்றால், வலி அடங்கியதும் வீட்டுக்குப் போகாமல் அந்த அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. 2015-ல் வந்த ஆய்வில், தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கல் மறுபடி தொல்லை கொடுத்தது. உடனே எடுத்தவர்களில் 5 சதவீதம்தான். "பொங்கல் முடிஞ்சு வர்றோம் சிஸ்டர்" என்று கிளம்புகிறவர்களுக்காகவாவது இதைத் தனிக் கட்டுரையாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை