‘ஒத்துக்காது’ என்று இனிச் சொல்லாதே

நாகப்பட்டினம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுத் தொலைபேசியில் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு விஷயம் இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. மான்செஸ்டரில் நண்பர்களோடு சாப்பிடப் போன இடத்தில், இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நீ சொன்னதற்கு, பரிமாறியவர் சோற்றின் மேலிருந்த இறாலை மட்டும் பொறுக்கிவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார் என்றாய். நல்லவேளை, நீ அதைத் தொடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒத்துக்கொள்ளாது என்று கேட்டவர் அப்படித்தான் செய்வார். அலர்ஜி என்று சொல்லியிருந்தால் வேறு சட்டியில் சமைத்திருப்பார், அல்லது எங்களால் முடியாது என்று கைவிரித்திருப்பார்; இரண்டுமே உனக்கு நல்லது.

பிழை நம் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. அப்பாவுக்குப் பால் ஒத்துக்காது, உனக்கு இறால் ஒத்துக்காது, ஆச்சிக்குக் கத்தரிக்காய் கரப்பான் என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம்.

அப்பா ஒரு தம்ளர் பாலை முழுதாகக் குடித்தால் வயிறு உப்பிப் பொருமி அன்று முழுவதும் அவதிப்படுவார். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் நொதி, குழந்தைப் பருவம் கழிந்தபின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகிறது. அதே அப்பா காபிக்கு விடும் பாலால் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார். தயிர்ச்சோறு இல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது, ஏனெனில் பால் தயிராகும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி புளித்துக் குறைந்துவிடுகிறது. அளவு மிஞ்சினால் அவதி, குறைந்தால் இல்லை. எவ்வளவு அவதிப்பட்டாலும் அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. இதைத்தான் சகிப்பின்மை என்கிறார்கள்.

உனக்கு இருப்பது அது அன்று, அலர்ஜி என்கிற ஒவ்வாமை. உன் உடலின் எதிர்ப்பு சக்தி இறாலிலுள்ள புரதத்தைப் பகையென்று எண்ணி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் புரதம் மறுபடி உள்ளே வந்ததும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் உடலெங்கும் கொட்டப்பட்டு, தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இங்கே அளவு காப்பாற்றாது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதைத் தரும் டிரோபோமயோசின் என்ற புரதம் கொதித்தாலும் பொரிந்தாலும் அழிவதில்லை என்பதால், இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளத்தைக்கூட நீ தொடக்கூடாது.

உனக்கு ஒன்பது வயதில் பெரியம்மா வீட்டில் நடந்தது உனக்கு முழுதாக நினைவிருக்காது. இறால் தொக்கில் பிசைந்த சோறு ஒரே ஒரு கவளம். “அம்மா, நாக்கு அரிக்குது” என்றாய். நான் அஜீரணம் என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உதடு தடித்து, காதுமடல் சிவந்து, குரல் கம்மிவிட்டது. முதலில் போன மருத்துவமனையில் அரிப்புக்கு ஊசி போட்டு உட்காரவைத்தார்கள். அடுத்த இடத்தில்தான் பார்த்த மாத்திரத்தில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் நீ தெளிவான குரலில் தண்ணீர் கேட்டாய். அதற்கு முன்பே இரண்டு முறை இறால் தின்று உனக்குத் தடிப்பு வந்திருந்தது. கரப்பான் என்று குப்பைமேனி அரைத்துப் பூசிவிட்டு நான் அதை மறந்திருந்தேன்.

ஆகவே இனி எந்த உணவகத்திலும் முதல் வார்த்தையாக அலர்ஜி என்று சொல். அந்த நாட்டுச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகத்தார் உனக்குத் தகவல் தந்தாக வேண்டும். இறால், நண்டு போன்ற ஓடுடையவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் தாளிப்பில் வெடிக்கும் கடுகும், நல்லெண்ணெய் ஆட்டும் எள்ளும்கூட அதில் உண்டு; உன் அறையில் நண்பர்களுக்குச் சமைக்கும்போது அதை நினைவில் வை.

நீயே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா ஊசி இரண்டும் எப்போதும் உன்னோடு இருக்கட்டும், குளிர்கோட்டை மாற்றும்போது பழைய கோட்டின் பையிலேயே தங்கிவிட வேண்டாம். மூச்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அரிப்புக்கான செட்ரிசின் மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே வெளித்தொடையில் குத்திக்கொள். பிறகு அந்த நாட்டு அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, அனபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, என்று சொல். கால்களை உயர்த்திப் படுத்திரு. மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி.

உன் அக்கா ஏதோ இரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டி, சாப்பிடக்கூடாதவை என்று ஒரு நீளப் பட்டியலை வாங்கி வந்திருக்கிறாள். அதில் பார்த்திருப்பது ஐஜிஇ அன்று, ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருள். ஒரு உணவை நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை என்று நம் டாக்டர் சொன்னார். உன்னையும் அப்படி எடுக்கச் சொன்னால் எடுக்காதே. உன் அறைத்தோழனுக்கு ஊசி போடும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டாயா, இரண்டு ஊசிகளிலும் காலாவதித் தேதி என்ன போட்டிருக்கிறது என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா