துரை வேஷத்துக்கு ஒரு கோட்டு வேண்டும்

அன்பு மச்சான்,

திட்டாதே. பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆனியில்தான் பதில் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. வெயில் இறங்கவில்லை, வேலூரில் அது எப்போது இறங்கியது?

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்து, பத்து நிமிஷ நாடகம் நீங்களே எழுதி நடிங்கடா என்று விட்டேன். செல்போன், பிளாஸ்டிக், மறுபடி செல்போன். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு டாக்டர் வந்து அறிவுரை சொன்னதும் ஊரே திருந்திவிடுகிறது. நம்ம காலத்தில் அந்த வேலையை நாட்டாமை பார்த்தார். நீ ஒட்டுமீசையோடு தும்மின நாட்டாமை.

ஒரு குழு மட்டும் 1806-ல் வெள்ளைக்காரனை எதிர்த்து நம்ம சிப்பாய்கள் செய்த வேலூர்க் கோட்டைக் கலகத்தை எடுத்தது. அதில் ஒருத்தனின் தாத்தா செய்யாறு பக்கம் கூத்துக்கு மத்தளம் அடிப்பவர். அதனால் கூத்தில் கேலி பேசுகிற கட்டியங்காரன் உள்ளே புகுந்துவிட்டான். ரெண்டு பேர் புடவையைத் திரையாகப் பிடிக்கிறார்கள், கீழே துரையின் கால் மட்டும் குதிக்கிறது. கட்டியங்காரன் கேட்கிறான்: "இன்னா தொரை, நெத்தியில இருக்கறத அழிங்கற, தாடிய எடுங்கற, தோல் வச்ச தலைப்பாவ மாட்டுங்கற. தலைய மட்டும் எங்ககிட்டயே வுட்டுட்ட, அதுக்கு மாசம் இன்னா வாடகை?" வகுப்பே அதிர்ந்துபோச்சு. எழுதினது, வருகைப்பதிவுக்குக்கூட வாய் திறக்காத ஒரு பெண்.

அவள் அதோடு விடவில்லை. ஜூலை 10, விடிவதற்கு முன்னால் ஐரோப்பிய சிப்பாய்கள் தூங்கும்போதே சுடப்பட்டார்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் தப்பவில்லை, படித்திருப்பாய். அதையும் ஒரு காட்சியாக எழுதிவிட்டாள். காய்ச்சல்காரன் ஒருத்தன் தண்ணீர் கேட்கிறான். துப்பாக்கியோடு வந்த நம்மூர்ச் சிப்பாய் தயங்கி நிற்கிறான், பிறகு சுடுகிறான்.

குழுவுக்குள் சண்டை. "நம்ம ஆளையே கெட்டவனாக்கறியா?" என்று பையன்கள். அவள் சொன்னாள்: "ஆற்காட்டுலருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து, நம்மாளுங்கள சுவரோரம் நிக்க வச்சு சுட்டத மட்டும் காட்டுவோம், இத மறைப்போமா?" எனக்கே பதில் வரவில்லை.

ஜூலை 10 அன்றைக்கே மைதானத்தில் போடலாம் என்கிறார் எச்.எம்., அந்தக் காட்சியை எடுத்துவிட்டால். அவர் பயமும் நியாயம்தான். யாராவது அரை நிமிஷத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால், தியாகிகளைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று வாசலில் கொடி பிடிப்பார்கள். அடி வாங்கப்போவது பதினாலு வயசுப் பெண். ஆனால் அதை எடுத்துவிட்டால் இதுவும் டாக்டர் அறிவுரை மாதிரிதான் ஆகும் மச்சான். முந்தின நாள் திப்புவின் மகள் கல்யாணம், கோட்டையில் ஏறின மைசூர்ப் புலிக்கொடி எல்லாம் போனால் போகட்டும், பத்து நிமிஷத்தில் அடங்காது. இந்த ஆஸ்பத்திரிக் காட்சியைக் கைவிட மனசு வரவில்லை.

கட்டியங்காரன் வாயால் சொல்ல வைத்து, சுடுவதைக் காட்டாமல் விடலாமா என்று கேட்டுப்பார்த்தேன். "அவன் சொன்னா சிரிப்பாங்க சார்" என்கிறாள். அதுவும் சரி.

நீ நாடகப் பட்டறை, பட்டறை என்று அலைந்தவன். ஒரு வழி சொல். கடிதம் வேண்டாம், நாள் இல்லை, போன் போடு. முடிந்தால் நேரிலேயே வா. வந்தால் உன் வீட்டுப் பரணில் கிடக்கும் அந்தப் பழைய கோட்டை எடுத்து வா. துரைக்கு இப்போது கிடைத்திருப்பது பேண்ட் வாத்தியக்காரர் கோட்டு, அதற்குள் ரெண்டு பையன்கள் நுழையலாம்.

உன்,
வாத்தியான்