வாங்கியது 24 கியர், வந்தது 21: உங்கள் மலைச் சைக்கிள் பற்றி ஐந்தாவது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர், அரவேணு, கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்
பொருள்: சொன்ன பாகங்கள் இல்லாத சைக்கிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில், அனுப்பிய அதே நிமிஷத்தில் வந்தது. என் கடிதங்கள் நீளமானவை. ஒரு நிமிஷத்தில் யாராலும் படிக்க முடியாது. இதையாவது ஒரு மனுஷர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 9 அன்று உங்கள் இணையதளத்தில் 27,990 ரூபாய் கட்டி என் மகளுக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். வீடு அரவேணுவில், பள்ளிக்கூடம் கோத்தகிரியில். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். சமதளம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டு வாசல்தான் உண்டு.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அம்மாவும் மகளும் மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தோம். உங்கள் விற்பனைப் பிரிவு ஆள் முதலில் ஃபேட் டயர் சைக்கிளைத் தலையில் கட்டப் பார்த்தார். "மலைன்னா இதுதான் மேடம், டயரைப் பாருங்க" என்றார். பார்த்தோம். அந்த டயர் மணலுக்கும் பனிக்கும் சரி. தார் ரோட்டில் ஏற்றத்தில் அந்தக் கனத்தை யார் மிதிப்பது? அப்புறம் பின்னாலும் ஸ்ப்ரிங் வைத்த ஒன்றைக் காட்டினார். அந்த விலையில் வரும் பின் ஸ்ப்ரிங், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைக் குதித்தே வாங்கிக்கொள்ளும், எடையும் கூடும் என்று படித்திருந்தோம். ஹைபிரிட் சைக்கிளுக்கு டயர் மெலிசு, எங்கள் தெருவுக்குள் இருக்கும் கல் ரோட்டுக்கு ஆகாது. கடைசியில் முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்ப்ரிங் ஃபோர்க், 27.5 அங்குல சக்கரம், அவள் உயரத்துக்கு 15 அங்குல ஃப்ரேம் என்று முடிவு செய்தோம். விலை கூடுதலான இந்த மாடலை எடுத்ததற்குக் காரணம் இரண்டே இரண்டு வரி. ஒன்று, 24 கியர், பின்னால் 11-34 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 34 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு. இன்னொன்று, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். உங்கள் பக்கத்தில் நீங்களே போட்ட வரிகள்.

வந்த சைக்கிளில் இரண்டும் இல்லை.

பெட்டி ஒரு மூலை கிழிந்து வந்ததையும், பெடல் ஒன்று தனியாக உருண்டுகொண்டிருந்ததையும் நான் பெரிதுபடுத்தவில்லை. மலைக்கு வருகிற பார்சல் அப்படித்தான் வரும். கியரை எண்ணினோம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொன்று. மகள் ஒரு பல்லில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்துச் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற நான் எண்ணினேன். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல். முன்னால் இருக்கும் சின்னதுக்கும் 28 பல்.

இதை உங்கள் உதவி எண்ணில் சொன்னபோது அந்தத் தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "மூணு கியர்தானே மேடம் கம்மி, 21 இருக்கே." மூன்று கத்தரிக்காய் குறைகிறது என்பது போல. சைக்கிள் செய்கிற நிறுவனத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கியர் எத்தனை என்பதில் எதுவும் இல்லை. முன்னால் இருக்கும் மிகச் சின்னதும் பின்னால் இருக்கும் மிகப் பெரியதும் என்ன என்பதில்தான் ஏற்றமே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் போட்டிருந்தது முன்னால் 22 பல், பின்னால் 34 பல். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். அந்த டயருக்கு அது 1.4 மீட்டர். நீங்கள் அனுப்பியதில் 28-க்கு 28, சரிக்குச் சரி, 2.15 மீட்டர். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் என் பெண் பாதிக்கு மேல் கூடுதலாக மலையைத் தூக்க வேண்டும். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். பச்சைத் தேயிலையில் அரைக் கிலோ குறைந்தாலே எங்கள் வாசலில் சண்டை நடக்கும். இந்தக் கணக்கை என்னிடம் மறைக்க முடியாது.

1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலை ஏற்றியவர்கள் கல்லாறுக்கு மேலே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்தார்கள். 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிற சரிவு. இந்த மலையில் பல்லுக்கு என்ன மதிப்பு என்று இன்ஜினுக்குக்கூடத் தெரியும். உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை.

சரி, அப்புறம் நீங்கள் ஒரு தீர்வு சொன்னீர்கள். கேசட்டை கூரியரில் அனுப்புகிறோம், உள்ளூரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று. அக்டோபர் 4 அன்று வந்தது. புத்தம் புதிய 11-34, எட்டுப் பல்சக்கரம், எண்ணெய் வாசனையோடு. மூன்று மாதத்துக்கு முன் எனக்கு கேசட் என்றால் பாட்டுக் கேட்கிற கேசட்தான். அதனால் நம்பி எடுத்துக்கொண்டு போனேன். கோத்தகிரியில் எங்களுக்குத் தெரிந்த சைக்கிள் கடை அண்ணன் பின் சக்கரத்தைக் கழற்றி, பழையதைத் திருகி எடுத்து, கேசட்டை ஒரு கையிலும் சக்கரத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், மரை இருக்கிறது. கேசட்டுக்குள்ளே நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று திருகுவது, ஒன்று சொருகுவது. "அக்கா, இது ஃப்ரீவீல் ஹப். இதுல கேசட் ஏறாது. ஏத்தணும்னா பின் சக்கரத்தையே மாத்தணும். அப்பவும் கியர் மாத்துற ஷிஃப்டர் ஏழு கிளிக்தான், எட்டாவதுக்கு எங்க போவீங்க?" என்றார். அங்கே நின்றிருந்த ஒரு பையன், "போல்ட்டுல வளையல் மாட்டச் சொல்றாங்களாக்கா?" என்று கேட்டான். அவமானத்தில் நான் பஸ் ஸ்டாண்ட் வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உங்கள் சைக்கிளில் எந்த ஹப் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாதா? செய்தது நீங்கள்தானே? அந்தக் கேசட் இப்போது எங்கள் வீட்டு மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது. நல்ல கனம்.

இங்கேதான் அந்தப் போன் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கேசட் ஏறவில்லை என்று அன்று மாலை அழைத்தேன். இருபத்திரண்டு நிமிஷம் பாட்டு. பிறகு வந்தவரிடம் ஹப், மரை, பள்ளம் எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மேடம், வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க. டெக்னிக்கல் விஷயம், அவருக்குப் புரியும்."

எங்கள் வீட்டு சாருக்கு சைக்கிளில் செயின் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியாது. கேட்டால் யோசிப்பார். பணம் கட்டியது நான். பல் எண்ணியது நான். உங்கள் மாடலில் என்ன இருக்கிறது என்று அந்த நிறுவனத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு நான்தான் என்று நினைக்கிறேன், அதுவும் உங்களிடம் சம்பளம் வாங்காமல். அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள். அக்டோபர் 4 மாலை அழைப்பை எடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

எங்கே விட்டேன்? பிரேக். கேசட் வருவதற்கு முன்னமே நடந்தது இது. முதல் வாரம், தூறல். மகள் கோத்தகிரியிலிருந்து இறங்கி வர, நான் ஸ்கூட்டியில் பின்னால். இரண்டாவது வளைவில் பிரேக் லிவர் கைப்பிடியைப் போய்த் தொட்டது. விரல் நடுவில் மாட்டிக்கொண்டது, சைக்கிள் நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஓரத்துக் கல்லில் மோதி நிறுத்தினாள். நான் போய்ப் பிடித்தபோது டிஸ்க்கில் மழைத்துளி விழுந்து சுர்ரென்றது. கருகிய வாசனை. ஷூவின் அடி ஒரு பக்கம் வழித்தெடுத்தது போல் இருந்தது. நல்லவேளை, மேலே ஏறி வந்த லாரி அடுத்த வளைவில் இருந்தது.

வந்த சைக்கிளில் இருப்பது ஒயரில் இழுக்கும் டிஸ்க் பிரேக். ஒயர் பிரேக்கே மோசம் என்று நான் சொல்லவில்லை. அதில் பேட் தேயத் தேய ஒயரை முறுக்கி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அழுத்தக் கைப்பலமும் கூடுதலாக வேண்டும். ஹைட்ராலிக்கில் எண்ணெய் அதைத் தானே சரிசெய்துகொள்ளும், ஒரு விரலே போதும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். அப்படிப்பட்ட ரோட்டுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்தோம். இதைச் சொன்னதற்கு உங்கள் சர்வீஸ் பிரிவு தந்த பதில்: "பிரேக்ல காத்து புகுந்திருக்கும் மேடம், ஆயில் மாத்தி பிளீட் பண்ணச் சொல்லுங்க."

ஆயிலே இல்லாத பிரேக்கில் எங்கிருந்து காற்றை எடுப்பது? லிவரிலிருந்து டிஸ்க் வரை ஒயர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. போட்டோவும் அனுப்பினேன். "போட்டோ பார்த்தோம், பிளீட் பண்ணுங்க" என்றார்கள்.

கடைசியாகக் கோவை. சைக்கிளோடு நேரில் வந்தால் அன்றே முடித்துத் தருகிறோம் என்று அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கு நேரம் கொடுத்தீர்கள். குறுஞ்செய்தி என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். என் நாத்தனார் கணவர் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப்போகும் வண்டியில், மூட்டைகளுக்கு மேலே சைக்கிளைக் கட்டி, விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினேன். மண்டியில் இறக்கி, அங்கிருந்து ஒரு சின்ன யானை வண்டி பிடித்துக் கோவை. 1,800 ரூபாய். ஒன்பதரைக்கே உங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றேன். ஷட்டர் மூடியிருந்தது. ஷட்டரிலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தது: செவ்வாய் விடுமுறை.

நீங்கள் கொடுத்த நாள். உங்கள் விடுமுறை. பக்கத்துக் கடை வாட்ச்மேன் பாவப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் சேவை அதுதான். போன் செய்தால், "அது ஆட்டோமேட்டிக் மெசேஜ் மேடம், நீங்கதான் விசாரிச்சிட்டு வந்திருக்கணும்" என்றார்கள். கூடவே, ஒரிஜினல் பெட்டி இல்லாமல் எப்படியும் எடுக்க மாட்டோமாம். அந்த மூலை கிழிந்த பெட்டி எங்கள் கோழிக் கூட்டுக்குக் கூரையாகி ஒரு மாதம் ஆகிறது.

நாள் முழுக்க அலைந்து, அதே சைக்கிளோடு ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் சம்பளம் போச்சு. மூன்று நாள் காய்ச்சல். மகளுக்குக் காலாண்டில் இயற்பியலில் பதினொரு மார்க் குறைந்தது. அதற்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை என்கிறார் அவள் அப்பா, நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏறும்போதும் தள்ளிக்கொண்டு, இறங்கும்போதும் தள்ளிக்கொண்டு போகிற வண்டிக்கு எதற்கு 27,990 ரூபாய்? மொத்தத்தில் என் நஷ்டம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. கணக்கு எழுதித் தரத் தயார்.

இன்னொன்று. இப்போது உங்கள் இணையதளத்தில் அந்த மாடலுக்கு நேரே 21 கியர், மெக்கானிக்கல் டிஸ்க் என்று சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறீர்கள். பழைய பக்கத்தை நாள், நேரத்தோடு மகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. சைக்கிளின் ஃப்ரேம் நன்றாகவே இருக்கிறது, நிறமும் மகளுக்குப் பிடித்த நிறம். நான் கேட்பது இரண்டில் ஒன்று. ஆள் அனுப்பி, என் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் வண்டிச் செலவையும் கொடுங்கள். இல்லை, 11-34 கேசட் ஏறுகிற ஹப்போடு பின் சக்கரம், எட்டு கிளிக் ஷிஃப்டர், 22 பல்லில் தொடங்கும் முன் பல்சக்கரங்களோடு கிராங்க், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் பிரேக் எல்லாவற்றையும் உங்கள் மெக்கானிக் இங்கே வந்து மாட்டித் தரட்டும். டீ, சாப்பாடு என் பொறுப்பு.

இரண்டும் முடியாது என்றால் நான் பேச வேண்டிய இடம் வேறு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. என் முதல் புகாருக்கு ஒரு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. 1915-க்குப் போன் செய்து பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அப்போது மலை ஏறி வர வேண்டியது நீங்கள். வரும்போது செவ்வாய்க்கிழமை விடுமுறையா என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அரவேணுவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பேசுவதற்கு யாரை வேண்டுமானாலும் போன் செய்யச் சொல்லுங்கள், அக்டோபர் 4 மாலை பேசியவரைத் தவிர. அவரே பேச வேண்டி வந்தால், சாரைக் கேட்க வேண்டாம். சார் அந்த நேரத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார்.