11 மணிக்கு முடியும் பள்ளி நடனமும் 11:01க்குத் தொடங்கும் தடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் நடன விருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒரு தந்தை எழுதியிருந்ததைப் படித்தேன். விளக்கு வைத்த பிறகு வயதுவந்த பிள்ளைகளை வெளியே வரச்சொல்லி, நள்ளிரவு நெருங்கும்போது வந்து அழைத்துப் போங்கள் என்று ஒரு பள்ளிக்கூடமே அறிவிப்பது என்ன முறை, இதையே சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடித்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது அவருடைய கேள்வி. நியூ ஜெர்சியில் இரண்டு பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பி, மூத்தவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, இளையவனின் பிராம் (பள்ளி முடிக்கும் காலத்து நடன விருந்து) நாளுக்கு இப்போது தயாராகிக்கொண்டிருக்கும் தாய் நான். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் அவர் மாற்றச் சொல்லும் நேரம் மாற்ற வேண்டிய நேரம் இல்லை என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

வழக்கத்தில் உள்ள நேரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் ஹோம்கமிங் (பழைய மாணவர்களை வரவேற்கும் பள்ளி விழா) நடனம் பெரும்பாலும் சனிக்கிழமை இரவு 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். அல்லது 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும். முந்தைய நாள் வெள்ளி இரவில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்திருக்கும். பிராம் என்பது 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கான பெரிய விருந்து. மே மாதத்திலேயே பள்ளியை முடித்துவிடும் ஜார்ஜியா, டெக்சஸ் போன்ற தென் மாநிலங்களில் அது ஏப்ரலிலேயே வந்துவிடுவதுண்டு. ஜூன் பிற்பகுதி வரை வகுப்புகள் நடக்கும் எங்கள் பக்கத்தில் மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும். பிராம் நடக்கும் விருந்து மண்டபத்திலேயே இரவு உணவும் பரிமாறப்படுமானால் 6 அல்லது 7 மணிக்குத் தொடங்குவார்கள். பிள்ளைகள் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்றால் 8 மணி ஆகும். முடிவு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் இருக்கும். நள்ளிரவு வரை நீட்டும் பள்ளிகளும் உண்டு. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இல்லை. பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம், அல்லது மாலை 7 முதல் 9 வரை.

பகலில் ஏன் வைக்கக் கூடாது என்பதற்குப் பள்ளிகள் சொல்லும் காரணங்களில் சில நியாயமானவை. சனிக்கிழமை காலையில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிற்பகலில் விளையாட்டுப் போட்டிகள் இருக்கின்றன. பகுதிநேர வேலைக்குப் போகும் பதினேழு வயதுக்காரர்களுக்கு வேலை முடிவதே மாலையில்தான். அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு, அதை யாரும் சுற்றறிக்கையில் எழுத மாட்டார்கள். நடனம் நடக்கும் பள்ளி ஜிம்மின் உயரமான சன்னல்கள் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருக்க, கணித ஆசிரியர் சுவரோரம் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்க, பகல் 2 மணிக்கு எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் ஆடாது. இரவில் ஆடுவது இருட்டு தரும் தைரியத்தில்தான். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

தொடங்கும் நேரத்தோடு நான் ஒருமுறை மல்லுக்கு நின்று தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்த முதல் ஹோம்கமிங் நடனம் 7 முதல் 10 வரை என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தது. எட்டரை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆடினால் போதாதா என்பது என் கணக்கு. தோழிகளோடு ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, பில் வரத் தாமதமாகி, அவர்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி 7:50. 8 மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள் என்பது டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அடையாள அட்டையைக் காட்டி, மேல்கோட்டை ஒப்படைத்து, கூட்டத்தில் தோழிகளைத் தேடிப் பிடித்து அவள் ஆடத் தொடங்கியபோது 8:05. நான் திட்டுவேன் என்ற பயத்தில் மேல்கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்து நின்றது 8:25. ஒன்பதரைக்கு முன் வெளியேற வேண்டுமானால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது இன்னொரு விதி. பெயர்ப் பட்டியலும் பேனாவுமாக நின்ற ஆசிரியை, “வீட்டில் ஏதாவது அவசரமா?” என்று பரிவோடு கேட்டார். “இல்லை, மணி எட்டரை ஆகிவிட்டது” என்று நான் சொன்ன பதில் எனக்கே விசித்திரமாக ஒலித்தது. உள்ளேயிருந்து வந்த இசையில் தாழ்வாரத்து லாக்கர் கதவுகள் அதிர்ந்துகொண்டிருந்தன. வீடு வந்து சேரும்வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இருபது நிமிடத்துக்காக அவள் ஒரு மாதம் உடை தேடியிருந்தாள்.

அதற்குப் பிறகு டிக்கெட் கைக்கு வந்ததும் நான் பார்ப்பது நான்கு நேரங்களை: கதவு திறப்பது, கதவு மூடுவது, பெற்றோர் வராமல் பிள்ளை வெளியேறக்கூடிய முதல் நேரம், விளக்குகளைப் போட்டு முடித்துவைக்கும் நேரம். வெளியே போனவர் மீண்டும் உள்ளே வர முடியாது என்பது ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் உள்ள விதி. காரில் ஒளித்துவைத்த பாட்டிலைத் தேடி யாரும் இடையில் போய்வரக் கூடாது என்பதுதான் அதன் காரணம். வாசலிலேயே மூச்சுப் பரிசோதனை செய்யும் பள்ளிகளும் உண்டு. வேறு பள்ளியிலிருந்து துணையாக வருபவர் முன்கூட்டியே படிவம் கொடுத்து அனுமதி பெற்றிருக்க வேண்டும். மேற்பார்வைக்குப் பெற்றோரையும் அழைக்கிறார்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். தண்ணீர்க் குவளைகளை நிரப்புவதும் பக்கவாட்டுக் கதவைக் கவனிப்பதும்தான் வேலை, பிள்ளைகள் நம்மை ஒரு நாற்காலிக்குச் சமமாகத்தான் மதிப்பார்கள். கடிதம் எழுதிய தந்தையும் ஒருமுறை அப்படிப் போய் நின்று பார்த்தால், அந்த இரவில் பிள்ளைகள் மேல் ஆள் கண் இருக்கும் நேரம் அந்த மூன்று மணி நேரம்தான் என்பதைத் தாமே காண்பார். பயப்பட வேண்டியது அந்தக் கதவு திறந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வாகன நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதுதான்.

என் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. நியூ ஜெர்சியில் 17 வயதில் பெறக்கூடிய புரொபேஷனரி உரிமத்தில் (புதிய ஓட்டுநர்களுக்கான, கட்டுப்பாடுகள் உள்ள ஓட்டுநர் உரிமம்), இரவு 11:01 முதல் காலை 5 மணி வரை வண்டி ஓட்டத் தடை உண்டு. பெற்றோர் கூட இல்லாவிட்டால் வண்டியில் ஒருவரைத்தான் ஏற்றிக்கொள்ளலாம். வேலைக்காகவும் சமயக் கடமைக்காகவும் உரிய கடிதத்தோடு ஓட்ட விலக்கு இருக்கிறது. பள்ளி நடனத்துக்கு அப்படி இல்லை. ஆக, 11 மணிக்கு முடியும் நடனத்திலிருந்து சொந்தமாக வண்டி ஓட்டி வீடு திரும்பும் பிள்ளைக்குச் சட்டப்படி மிஞ்சுவது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் கடைசிப் பாட்டு முடிந்து, கோட்டு வரிசை நகர்ந்து, குதிகால் செருப்பைக் கையில் பிடித்தபடி காலுறையோடு ஓடிவரும் தோழிக்காகக் காத்திருந்து, நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே வாயில் வழியே வெளியேறும் நெரிசலைக் கடந்து, வீட்டு வாசலுக்கும் வந்து சேர வேண்டும்.

இந்தத் தடை முன்பு நள்ளிரவில்தான் தொடங்கியது. 2010 மே மாதத்தில் அதை ஒரு மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிகளின் 11 மணி வழக்கம் அந்தப் பழைய நாட்களின் மிச்சமாக இருக்கலாம் என்பது என் ஊகம். நள்ளிரவுத் தடை இருந்தவரை அது பொருத்தமாகவே இருந்திருக்கும். சட்டம் மாறியபோது மண்டபத்துக்கான ஒப்பந்தத்தை யாரும் திருத்தவில்லை என்பதற்காக, சட்டத்தை மதிக்கும் பிள்ளை பத்தரைக்கே தனியாக எழுந்து வர வேண்டியிருக்கிறது, மதிக்காத பிள்ளை வேகமாக ஓட்டுகிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் ஐந்து பேராக ஒரே காரில் ஏறிக்கொள்கிறார்கள்.

மற்ற மாநிலங்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் 12 மாதங்களுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை தடை இருந்தாலும், பள்ளி நிகழ்ச்சி என்று பள்ளி நிர்வாகம் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் ஓட்டலாம். டெக்சஸில் தடை நள்ளிரவில்தான் தொடங்குகிறது; பள்ளி நிகழ்ச்சிகளுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. ஆகவே, வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர், “எங்கள் பையன் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்” என்று தொலைபேசியில் சொல்வதை வைத்து இங்கே யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம்.

முடிந்த பிறகு என்ன என்பதைப் பற்றியும் நம் வீடுகளில் போதுமான பேச்சு இல்லை. நியூ ஜெர்சியில் பிராம் முடிந்த கையோடு சீசைட் ஹைட்ஸ், வைல்ட்வுட் போன்ற கடற்கரை ஊர்களில் வீடு வாடகைக்கு எடுத்து, பெரியவர்கள் யாரும் இல்லாமல் இரண்டு மூன்று நாள் தங்கிவரும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. “பத்தரைக்கு வந்துவிடு” என்று ஒரு மணி நேரமாக வாதாடும் பெற்றோர், “கடற்கரைக்கு யார் யாரோடு போகிறாய், ஓட்டுவது யார்” என்று கேட்காமலேயே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் இருவருக்கும் பேச்சு முறிந்துபோயிருக்கும். மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற சட்டம் அந்த வாடகை வீட்டின் குளிர்பதனப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. பட்டமளிப்புக் காலத்தில் குடித்துவிட்டு வண்டியோட்டிய விபத்துகளில் இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்ததைத் தொடர்ந்து, மெய்ன் மாநிலத்தில் 1980இல் பிராஜக்ட் கிராஜுவேஷன் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பட்டமளிப்பு முடிந்த இரவில் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி, விளையாட்டும் சாப்பாடும் பரிசுமாக விடியும்வரை வைத்திருந்து, காலையில் பெற்றோரிடம் ஒப்படைப்பார்கள். இன்று அது பல மாநிலங்களில் நடக்கிறது. இதே முறையில் பிராம் இரவுக்கும் ஏற்பாடு செய்யும் பள்ளிகள் உண்டு. நடன நேரத்தைச் சுருக்கச் சொல்லி மனுப் போடும் பெற்றோரைவிட, இந்த விடியற்காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெற்றோர் கிடைப்பதுதான் அரிது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் தமிழ்ப் பெயர் என்று ஒன்றுகூட நான் காணவில்லை, முதல் இரண்டு ஆண்டுகள் என் பெயரும் அதில் இல்லை.

எங்கள் பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் நான் கேட்டிருப்பது இரண்டுதான். நடனத்தை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, இரவு 10:15 மணிக்கு முடிக்க வேண்டும். அப்போது வண்டி ஓட்டும் பிள்ளைக்கு அவசரப்படாமல் வீடு சேர முக்கால் மணி நேரம் இருக்கும். நான் மேலே சொன்ன நான்கு நேரங்களையும் டிக்கெட்டின் முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். இரண்டாவதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். முதலாவதற்குக் கிடைத்த பதில், மண்டபத்தை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்துவிடுவதால் இந்த ஆண்டு 7 முதல் 11 என்பதை மாற்ற இயலாது என்பது. ஆகவே வரும் ஜூன் மாதத்தில் என் மகன் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். 10:50க்கு நான் அந்த மண்டபத்தின் வாகன நிறுத்துமிடத்தில், கைபேசி வெளிச்சத்தில் முகம் தெரியும் மற்ற பெற்றோரின் வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். அடுத்த ஆண்டுக்கான மண்டப ஒப்பந்தம் இந்தக் கோடையில் கையெழுத்தாகிறது. எங்களைப் போன்ற நிலையில் உள்ள வாசகர்கள் தங்கள் தங்கள் பள்ளிக்கு அதற்குமுன் ஒரு கடிதம் எழுதிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி